மிகையுண்ணலும் மாணாக்கர் மனமும்

மணிமேகலைக் காப்பியத்திலே காயசண்டிகை என்னும் விஞ்சையர் மகள் ஒருத்தி வருகின்றாள். விருச்சிகன் என்னும் முனிவன் தன் நோன்பின் முடிவில் உண்பதற்கென வைத்திருந்த நாவற்கனியைக் காலாற் சிதைத்த குற்றத்திற்காக, யானைத்தீ என்னும் தீராப் பெரும்பசிக்கு ஆளாகிப் பன்னீராண்டு வருந்தினாள் அவள். எவ்வளவு உண்டும் அப்பசி அடங்கவில்லை. இறுதியில் மணிமேகலை அமுதசுரபியினின்று இட்ட உணவே அதனைத் தீர்த்தது. வகுப்பறையிலே இப்பகுதியைப் படித்த பழைய மாணவர் பலர் இக்கதையை மறந்திரார். அவளுக்கு இருந்தது பசி. தக்க உணவு கிடைத்ததும் நோய் நீங்கிற்று. நாம் ஈண்டு ஆராயப் புகுவதோ இதற்கு நேர்மாறான ஒரு நோய். பசியில்லாத வேளையிலே உண்பதும், போதும் என்று அறிவு கூறிய பின்னும் கை நிற்க மறுப்பதும், உண்டபின் தன்னையே வெறுப்பதும் இதன் குறிகள். இதனைத் தீர்க்க அமுதசுரபி உதவாது. இந்நோய் இருப்பது வயிற்றிலன்று.

எமது கல்லூரியிற் பயின்று வெளியேறி, இப்பொழுது கல்முனைக் கரையோரத்திலே மாணாக்கரோடு காலங் கழிக்கும் நாம், இப்பொருள்பற்றி விழா மலரொன்றில் எழுதுவது பொருந்துமோ எனச் சிறிது தயங்கினோம். மருத்துவர் எழுதவேண்டியதை ஆசிரியர் எழுதுவதேன் என்று கேட்பாரும் இருப்பர். ஆயினும் இந்நோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலுமே தலைகாட்டுகின்றது. அப்பருவத்தாரை நாள்தோறும் காண்பவர் மருத்துவர் அல்லர். ஆசிரியரும் பெற்றோரும் விடுதிப் பொறுப்பாளருமே. அவர்கள் கூறும் ஒரு சொல் நோயைக் குறைக்கவும் கூடும், கூட்டவும் கூடும். கூட்டிய சொல்லொன்றை நாமே கூறியதுண்டு. அதனைப் பின்னர்ச் சொல்லுவோம்.

முதலிலே நோயின் இலக்கணத்தை வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். ஆங்கிலத்தில் 'பிஞ்ச் ஈற்றிங் டிஸோடர்' என வழங்கும் இதனை மிகையுண்ணற் கோளாறு என்று தமிழிற் கூறலாம். ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துள், அந்நிலையிலுள்ள பிறர் உண்ணும் அளவினும் மிகப் பெரிய அளவை ஒருவர் உண்ணுதலும், அவ்வேளையில் தம்மால் நிறுத்த முடியாது என்னும் உணர்வு மேலிடுதலும் இதன் அடிப்படை. இத்துடன் விரைந்து விரைந்து விழுங்குதல், வயிறு நோகும்வரை உண்ணுதல், பசியின்றி உண்ணுதல், வெட்கத்தாற் பிறர் காணாது தனித்து உண்ணுதல், உண்டபின் அருவருப்போ குற்றவுணர்வோ கொள்ளுதல் ஆகிய ஐந்தனுள் மூன்றாயினும் இருத்தல் வேண்டும். இவை வாரத்திற்கு ஒருமுறையேனும் மூன்று மாதம் தொடர்ந்து நிகழுமாயின் அதனை நோய் என்பர் உளமருத்துவர். உண்டதை வலிந்து வாந்தியெடுத்தோ பேதி மருந்து உட்கொண்டோ வெளியேற்றுவது இக்கோளாற்றின் இயல்பன்று. அவ்வாறு செய்வது இலண்டனில் ஜெரால்ட் றசல் என்பார் 1979 இல் விவரித்த 'புலீமியா' என்னும் வேறொரு நோய்.

பெருநாள் விருந்திலே வட்டிலப்பத்தை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வாங்கி உண்பவர் நோயாளர் அல்லர் என்பதையும் ஈண்டே கூறிவிடுதல் நன்று. கலியாண வீட்டிலே வயிறார உண்டு, வெற்றிலை போட்டு, திண்ணையிற் சாய்ந்திருப்பவருக்கு எந்த உளக்கோளாறும் இல்லை. அவர் மகிழ்ந்து உண்டார், பலரோடு உண்டார், உண்டதை மறைக்கவுமில்லை.

இந்நோயை முதன்முதல் மருத்துவ ஏட்டில் விவரித்தவர் அமெரிக்க உளமருத்துவர் அல்பேட் ஸ்ரங்காட், ஆண்டு 1959. எனினும் இது தனிநோய் என ஏற்கப்படுவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு 1994 இல் இதனை மேலும் ஆராயத்தக்கது எனப் பின்னிணைப்பில் வைத்தது. 2013 ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் தனிநோயாக ஏற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய்ப் பட்டியலும், 2022 இல் நடைமுறைக்கு வந்தது, இதனைத் தனியே வகுத்திருக்கின்றது. பதினான்கு நாடுகளில் நிகழ்த்தி 2013 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, வாழ்நாளில் ஒருமுறையேனும் இதற்கு ஆளாவோர் நூற்றுக்கு 1.9 வீதம் எனக் கணித்தது. பெண்களுக்கே உரிய நோய் இது என்னும் எண்ணமும் தவறானது. அமெரிக்காவில் 2007 இல் வெளியான கணிப்பின்படி பெண்களில் 3.5 வீதத்தினரும் ஆண்களில் 2.0 வீதத்தினரும் இதனை அனுபவித்தோர்.

மேனாட்டார் நோய் எமக்கு எதற்கு என்பாருக்கு, சென்னையில் நிகழ்ந்த ஆய்வொன்றைக் காட்டலாம். சிறீநிவாசன் முதலிய உளமருத்துவர்கள் 210 மருத்துவ மாணாக்கரை ஆராய்ந்து 1995 இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். மேனாட்டு நூல்கள் கூறும் முழுநோய்களை அவர்கள் அங்கே காணவில்லை. ஆனால் 31 பேர், அஃதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர், தம் உணவுப் பழக்கத்தையும் உடல் எடையையும் குறித்து உள்ளூர வருந்திக்கொண்டிருந்தனர். நூலில் உள்ள பெயர் பொருந்தாவிடினும் வருத்தம் இருந்தது என்பதே நாம் கருதத்தக்கது. அதுவும் உடலைப் பற்றிய கல்வியையே பயிலும் மாணாக்கரிடை இருந்தது.

இனி, முன்னர்க் குறித்த எமது அனுபவத்துக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன், உயர்தர உயிரியற் பிரிவில் இரண்டாந் தடவை தோற்ற இருந்த மாணவன் ஒருவன், தனியார் வகுப்புகளின் பொருட்டுக் கல்முனையில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். பருத்த உடம்பினன்; அமைதியானவன். காலையில் வெறுந்தேநீரோடு நிறுத்திவிடுவான். மதிய உணவையும் தவிர்ப்பான். மெலிய வேண்டும் என்று முடிவு செய்திருந்தான். இரவு பதினொரு மணிக்குமேல் முழுப் பாண் ஒன்று, ஒரு பேணி ரின்பால், இரண்டு பொதி பிஸ்கற், மாலையில் வாங்கி ஆறிப்போன கொத்துரொட்டி என எல்லாவற்றையும் கதவைத் தாழிட்டுக்கொண்டு உண்டு முடிப்பான். கட்டிலின் கீழ் வெற்றுப் பேணிகளைக் கண்ட வீட்டார் எம்மிடம் வந்து சொன்னார்கள். நாமோ அதனை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு, வகுப்பின் முன்னிலையில், "தம்பி, முதலில் வாயைக் கட்டு, படிப்புத் தானாக வரும்" என்றோம். வகுப்புச் சிரித்தது. அவனும் சிரித்தான். அதன்பின் மூன்று கிழமை அவன் வகுப்புக்கு வரவில்லை.

அந்த மூன்று கிழமையும் இரவுதோறும் உண்டதாக அவன் பின்னர் எம்மிடம் கூறினான். அப்போதுதான் இப்பொருள்பற்றிய நூல்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். வாயைக் கட்டு என்று நாம் கூறிய மருந்தையே அவன் பகல் முழுவதும் உட்கொண்டிருந்தான் என்பதும், நோயை வளர்த்தது அதுவே என்பதும் அந்நூல்களிலிருந்து எமக்கு விளங்கின.

உணவைக் கட்டுப்படுத்துவது எங்ஙனம் மிகையுண்ணலுக்கு வழிசெய்யும் என ஐயுறுவோர் ஓர் ஆராய்ச்சியை நோக்குக. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45 ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பார், போர்புரிய மறுத்த 36 இளைஞரை அவர்தம் இசைவோடு ஆறு மாதம் அரைவயிற்று உணவில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் உடல் நலமும் மன நலமும் நன்கு சோதித்துத் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். முன்னர் உணவுபற்றி எத்தொல்லையும் இல்லாதவர்கள். எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை இழந்த அவர்களுக்கு உணவைத் தவிர வேறு நினைவே இல்லாது போயிற்று. சமையல் நூல்களைச் சேர்த்து வாசித்தோரும் இருந்தனர். கட்டுப்பாடு நீங்கியபின் சிலர் வயிறு நிறைந்தும் நிறுத்த இயலாது மிகப் பெரிய அளவில் உண்டனர்; இவ்வியல்பு மாதக்கணக்கில் நீடித்தது. நல்ல மனவுறுதி படைத்தோரையே பட்டினி இவ்வாறு ஆக்கிற்று எனின், மிகையுண்பவனை மனவுறுதியற்றவன் என்று இகழ்வது எவ்வளவு பொருந்தாது!

பட்டினி உடலில் மட்டும் வேலை செய்வதன்று. 1975 இல் ஹேமன், மக் என்னும் இருவர் மாணவியருக்குப் பாற்பானம் கொடுத்து, பின்னர் வேண்டிய அளவு ஐஸ்கிறீம் உண்ணவிட்டனர். எடை குறித்துக் கவலையற்றோர் பானம் அருந்தியபின் குறைவாகவே உண்டனர்; இஃது இயல்பு. எப்பொழுதும் உணவைக் கட்டுப்படுத்தி வாழ்ந்தவரோ பானம் அருந்தியபின் முன்னினும் கூடுதலாக உண்டனர். 'விதியை மீறியாயிற்று, இன்றைய நாள் கெட்டது, இனி எவ்வளவு உண்டால் என்ன' என்னும் எண்ணமே இதற்குக் காரணம் என உளநூலார் விளக்குவர். ஒன்றில் முழுமை, இன்றேல் முழுத் தோல்வி என்னும் இம்மனப்பாங்கை மாணாக்கர் உணவில் மட்டுமா காட்டுகின்றனர்? ஒரு வினாவைத் தவறவிட்டதும் பரீட்சை மண்டபத்திலே முழுத்தாளையும் கைவிடும் பிள்ளையை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம்.

இவ்விடத்து ஒரு கேள்வி எழும். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய எம் கரையோர ஊர்களிலே ரமழான் மாதம் முழுவதும் நோன்பு நோற்கின்றார்கள்; அயலிலுள்ள சைவ ஊர்களிலே கந்தசட்டி முதலிய விரதங்கள் உண்டு. இவை இந்நோயைத் தோற்றுவிக்குமோ? அவ்வாறு முடிவுகட்டுதல் அவசரம் என்றே எண்ணுகின்றோம். நோன்பு திறக்கும் வேளை அனைவர்க்கும் ஒன்று; அதனைக் குடும்பமும் ஊரும் சேர்ந்து காக்கின்றன; கஞ்சியும் பேரீச்சம்பழமும் பகிர்ந்துண்ணப்படுகின்றன; நோக்கமும் உடலை ஒறுத்து மெலிவிப்பதன்று. எமது மாணவன் காத்த பட்டினியோ மறைவானது, முடிவற்றது, தன்னுடம்பின்மேற் கொண்ட வெறுப்பினாற் பிறந்தது. எனினும் ஏற்கெனவே இந்நோயுடையோர்க்கு நெடுநேரம் உண்ணாதிருத்தல் கடினமாகலாம். நோயுற்றோர் நோன்பைப் பிற்போட இஸ்லாம் இடமளித்திருக்கின்றது. ஆதலின் அத்தகையோர் வைத்தியரையும் மார்க்க அறிஞரையும் கலந்து முடிவு செய்தல் தகும். மறைந்து நோற்று மறைந்து உடைத்துத் துன்புறவேண்டியதில்லை.

அடுத்த காரணம் மனத்துயரிலிருந்து தப்பியோடும் விருப்பம். ஹீதர்ற்றன், போமைஸ்ரர் என்னும் உளநூலார் இருவர் 1991 இல் இதனை விரித்துரைத்தனர். தம்மீது மிக உயர்ந்த எதிர்பார்ப்பை வைத்திருப்பவர் அதனை அடையாதபோது தம்மைத் தாமே குறைவாக நோக்குகின்றனர். அந்நோக்குத் தாங்க முடியாததாகும்போது, மனம் எதிர்காலத்தையும் தன்னையும் மறந்து கண்முன்னுள்ள ஒரு சிறு புலனுணர்வுக்குள் ஒடுங்கிக்கொள்கின்றது. நாவின் சுவையும் மெல்லுதலும் விழுங்குதலுமே அப்பொழுது உலகம். உண்டு முடிந்ததும் மறந்தவை யாவும் திரும்பி வருகின்றன, வெட்கம் என்னும் ஒன்றையும் உடன் அழைத்துக்கொண்டு. எமது மாணவன் இந்நூலைப் படித்தவனல்லன். ஆயினும் அவன் கூறியது இது: "சேர், அந்த நேரம் சோதினையும் ஞாபகம் இல்லை, வாப்பாவும் ஞாபகம் இல்லை."

எம் நாட்டுப் பிள்ளைகள் சுமக்கும் எதிர்பார்ப்பின் பாரத்தை இம்மலரின் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையிலே தொடங்கி, சாதாரண தரம், உயர்தரம், இசற் புள்ளி, மாவட்ட ஒதுக்கீடு எனப் பத்து வயதிலிருந்து இருபது வயதுவரை அவர்கள் அளக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றார்கள். உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம் என்னும் விதி அருள் நிறைந்ததே. ஆயினும் இரண்டாந் தடவைக்கும் மூன்றாந் தடவைக்கும் இடைப்பட்ட ஆண்டு எவ்வளவு தனிமையானது என்பதை அதனைக் கடந்தவரே அறிவர். உடன்படித்தோர் ஒலுவிலுக்கும் பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சென்றிருப்பர். இவனோ பழைய கொப்பிகளோடு ஓரறையில் இருப்பான். பல்கலைக்கழகம் புகுந்தாருக்கும் துயர் தீர்ந்தது என்பதற்கில்லை. முதன்முறை வீட்டைவிட்டு விடுதியில் வாழ்வதும், புது மொழியிற் பாடங் கேட்பதும், 1998 இலேயே சட்டத்தால் தடைசெய்யப்பட்டும் இன்னும் ஒழியாத பகிடிவதையும் அங்கே காத்திருக்கின்றன.

கேலி என்பது அற்பமான காரணமன்று. எடையைக் குறித்துக் கேலிசெய்யப்பட்ட இளையோரிடம் பின்னாளில் மிகையுண்ணல் கூடுதலாகக் காணப்படுவதைப் பல ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எம்மவரிடை உருவத்தைச் சுட்டிப் பட்டப்பெயர் வைப்பது அன்பின் அடையாளமாகவே கருதப்படுகின்றது. பூசணி என்றும் குண்டன் என்றும் அழைக்கப்பட்டவர் நாற்பது ஆண்டின் பின் பழைய மாணவர் ஒன்றுகூடலிலும் அப்பெயராலேயே அழைக்கப்படுகின்றார்! அவரும் சிரிக்கின்றார் என்பது உண்மைதான். எமது மாணவனும் அன்று சிரித்தான்.

வீட்டாரிடை இன்னொரு முரண்பாட்டையும் காண்கின்றோம். விருந்தோம்பலிற் சிறந்த ஊர்கள் இவை. சஹன் என்னும் பெருந்தட்டைச் சுற்றி ஆறுபேர் அமர்ந்து ஒரே தட்டிலிருந்து உண்ணும் வழக்கம் முஸ்லிம் வீட்டுக் கலியாணங்களில் இருந்துவருகின்றது. அத்தட்டிலே ஒருவர் மறைந்து உண்ண முடியாது; பிறர் கைக்கும் இடம்விட்டு, பிறர் வேகத்தோடு தம் வேகத்தையும் இணைத்தே உண்ணவேண்டும். இத்தகைய ஊரிலே, "இன்னுங் கொஞ்சம் சாப்பிடு மகன்" என்று உம்மா பரிமாறும் அதே வேளையில், "இப்படிப் பருத்தால் யார் பெண் தருவார்" என்று மாமி கேட்கின்றாள். இரண்டும் அன்பின் மொழிகளே. இரண்டுக்கும் நடுவே பிள்ளை எதைச் செய்வான்? மேசையிலே குறைவாக உண்டு நல்லவனாகின்றான். அறையிலே நிறைவாக உண்டு குற்றவாளியாகின்றான்.

இது செல்வர் வீட்டு நோய் என்னும் கருத்தும் நிலைக்காது. 2017 இல் அமெரிக்காவில் இலவச உணவு பெறும் ஏழை மக்களிடை நிகழ்ந்த ஆய்விலே, உணவுக்குத் திண்டாட்டம் எவ்வளவு மிகுந்ததோ அவ்வளவு மிகையுண்ணலும் மிகுந்திருக்கக் கண்டனர். இல்லாத நாளும் கிடைத்த நாளும் மாறிமாறி வருவதும் ஒருவகைப் பட்டினியே அன்றோ? 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது எத்தனை வீடுகளிலே ஒருவேளை உணவு குறைக்கப்பட்டது என்பதை நாம் அறிவோம். அக்காலத்திலே வளர்ந்த பிள்ளைகள் இன்று எம் வகுப்புகளில் இருக்கின்றார்கள்.

பரிகாரம் என்ன? மருந்துகளைப் பற்றி நாம் பேசுவது முறையன்று. அது மருத்துவர் துறை. ஆயினும் இந்நோய்க்கு முதலாவதாகப் பயன்படுவது உளவழிச் சிகிச்சையே என்பதிலும், அதனாற் பலர் குணமடைகின்றனர் என்பதிலும் மருத்துவரிடை ஒருமைப்பாடு உண்டு. ஒக்ஸ்போட்டில் கிறிஸ்ரபர் பேயர்பேண் என்பார் வகுத்த முறையின் முதற்படி பலருக்கு வியப்பூட்டும். குறைத்து உண் என்று அது கூறவில்லை. ஒழுங்காக உண் என்றே கூறுகின்றது. நாளுக்கு மூன்று உணவு, இடையே இரண்டு மூன்று சிற்றுண்டி, நான்கு மணித்தியாலத்துக்கு மேல் வயிற்றை வெறுமையாக விடாமை. பசித்தாலும் பசியாவிடினும் குறித்த வேளையில் உண்ணல். உண்டவற்றையும் உண்ட வேளையையும் அப்பொழுதிருந்த மனநிலையையும் அப்போதைக்கப்போதே எழுதிவைத்தல். மெலிவதற்கான முயற்சியை இக்காலத்தில் ஒத்திவைக்க வேண்டும். பகற்பட்டினி நீங்கவே இரவுப் பேருண்டியின் வலிமை பாதி குறைகின்றது. எஞ்சிய பாதி மனத்துயரைச் சார்ந்தது. அதனை ஆற்றுதற்கு வேறு வழிகளைக் கற்பதும், உடலைக்கொண்டே தன் மதிப்பை அளக்கும் பழக்கத்தை விடுவதும் அடுத்த படிகள். இவை காலம் எடுப்பன. இடையிலே மீண்டும் ஒருநாள் மிகையுண்டுவிடின் அதனைத் தோல்வியெனக் கருதி மறுநாட் பட்டினி கிடத்தல் ஆகாது; அடுத்த வேளை உணவை வழமைபோல் உண்ணவேண்டும் என்பதே விதி.

ஆசிரியரும் விடுதிப் பொறுப்பாளரும் செய்யக்கூடியவை சிலவே. பிறர் முன்னிலையில் எடையைப் பேசாதிருத்தல், வெற்றுப் பேணிகளைக் கண்டால் அதனைக் களவுபோல் விசாரியாது தனியே அழைத்து "எப்படி இருக்கிறாய்" என்று கேட்டல், காலையுணவு உண்டாயா என அறிதல், அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு உடன் செல்லுதல். உளநலப் பிரிவு என்றதும் பைத்தியம் என்று ஊர் பேசும் என அஞ்சுவோர், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தோடு முதலிற் பேசலாம்.

எமது மாணவனிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். அவன் அதனை எதிர்பார்த்திருக்கவில்லை. சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் வைத்தியசாலைக்கு இருவருமாகவே சென்றோம். அறை கொடுத்த வீட்டாரின் நற்குணத்தையும் ஈண்டுக் குறிக்கவேண்டும். அவ்வீட்டு உம்மா தம் பிள்ளைகளோடு அவனையும் காலையில் இருத்தி, இடியப்பமும் சொதியும் கொடுத்துவந்தார், கூடுதலாக உண் என்றும் கூறாது, குறைத்து உண் என்றும் கூறாது. எட்டு மாதமளவில் இரவுகள் அடங்கின. முற்றாக அன்று, மாதத்துக்கு ஒன்றிரண்டாக. எடை பெரிதாகக் குறையவில்லை. மருத்துவபீடத்துக்கும் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. வேறொரு துறையிற் பட்டம் பெற்றான். சென்ற பெருநாளைக்கு எம்மை வீட்டுக்கு அழைத்து, சஹனிலே எமக்கருகில் அமர்ந்து உண்டான். எவ்வளவு உண்டான் என்று நாம் கவனிக்கவில்லை.